படலையைத் திறக்க ஓர் ஆள் வேண்டும்

புலம்பெயர் நாடுகளில் இயங்கும் எங்கள் ஊர் ஒன்றியங்களின் நிர்வாகத்தினருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

யாழ்ப்பாணத்தில், வலிகாமத்துக் கிராமங்களில் வீட்டுப் பாதுகாப்புக் கமெராவும் அலாரமும் பொருத்துவது என் தொழில். உங்களில் பலருடைய பெற்றோரின் வீடுகளுக்குள் நான் வந்து போயிருக்கிறேன். அவர்கள் ஊற்றித் தந்த தேநீரைக் குடித்திருக்கிறேன். உங்கள் பேரப்பிள்ளைகளின் படங்கள் எந்தச் சுவரில் தொங்குகின்றன என்பதுகூட எனக்குத் தெரியும். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

என் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தனியே வாழும் முதியவரின் வீட்டில் அலாரம் ஒலித்தால், ஐந்து நிமிடத்துக்குள் நடந்தோ சைக்கிளிலோ அந்தப் படலைக்குப் போய்ச் சேரக்கூடிய ஆட்களை ஊரில் அமர்த்துவதற்கு உங்கள் அடுத்த ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் பணம் ஒதுக்குங்கள். கருவியைப் பிள்ளைகள் வாங்கிக் கொடுத்துவிடுவார்கள். இப்போதும் வாங்கித்தான் கொடுக்கிறார்கள். ஆளை ஏற்பாடு செய்வது ரொறன்ரோவில் இரண்டு வேலை செய்யும் ஒரு தனிப் பிள்ளையால் ஆகிற காரியம் இல்லை. ஒன்றியத்தால் ஆகும்.

எனக்கு வரும் அழைப்புகளில் பெரும்பகுதி வெளிநாட்டு எண்களில் இருந்து வருகின்றன. "அம்மா தனியே இருக்கிறார் தம்பி. வாசலுக்கு ஒன்று, விறாந்தைக்கு ஒன்று, பின்னுக்குக் கிணற்றடிக்கு ஒன்று, ஹோலுக்கு ஒன்று என்று நான்கு கமெரா போட்டுவிடுங்கள்." ஏறக்குறைய எல்லோரும் இதே நான்கு இடங்களைத்தான் சொல்வார்கள். தனியே இருந்த முதியவர்களை மிரட்டி நகையும் பணமும் பறித்தார்கள் என்ற செய்தி பத்திரிகையில் வந்த வாரத்தில் இந்த அழைப்புகள் இன்னும் கூடும். அந்தப் பயம் நியாயமானது. பெரிய வளவு, உயர்ந்த மதில், உள்ளே ஒருவரோ இருவரோ. பக்கத்து வீடும் பூட்டிக் கிடக்கும். கள்வனுக்கு இது தெரியும்.

ஆனால் இந்தக் கருவி யாரைப் பிடிப்பதற்காகச் செய்யப்பட்டது என்பதை ஒரு நிமிடம் யோசியுங்கள். அது கள்வனுக்காகச் செய்யப்பட்டது. கள்வன் அசைவான்; அசைந்தால் கமெரா உங்கள் கைத்தொலைபேசிக்குச் செய்தி அனுப்பும். வயதானவருக்கு வரும் ஆபத்தில் அசைவே இராது. விழுந்து கிடப்பவர் அசைவதில்லை. நித்திரையில் மூச்சுத் திணறுபவர் ஹோலுக்கு வருவதில்லை. நாங்கள் பொருத்திக் கொடுக்கும் அமைப்பின் பார்வையில், அம்மா எழும்பாத காலையைப் போல அமைதியான காலை வேறொன்றும் கிடையாது.

ஒரு மாரி காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். எழுபதுகளின் கடைசியில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். கணவர் இறந்தபின் தனியே இருக்கிறார். விடியப்புறம் குளியலறைக்குப் போனவர் ஈரத்தில் வழுக்கி விழுந்துவிட்டார். வீட்டில் நான்கு கமெராக்களும் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தன. மகள் ஐரோப்பாவில், படுக்கப் போகுமுன் தொலைபேசியில் பார்த்திருக்கிறார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. காலையில் பால் கொண்டுவந்தவர் படலையில் நின்று கூப்பிட்டு, பதில் இல்லாமல் போகவே பின்பக்கமாகச் சுற்றிப்போய்க் கேட்டபோதுதான் முனகல் கேட்டது. பிறகு குடும்பத்தினர் கேட்டதற்காக அந்தப் பதிவை நான் எடுத்துக் கொடுத்தேன். ஆசிரியை ஹோலைக் கடந்து போவது அதில் தெரிகிறது. அதற்குப்பின் மணிக்கணக்காக, மின்விசிறிக் காற்றில் சுவர் நாட்காட்டியின் தாள் ஆடுவது மட்டும் இருக்கிறது. அந்த அசைவு மிகச் சிறியது என்பதால் கமெரா அதையும் பொருட்படுத்தவில்லை.

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. அவர் உயிர் தப்பினார். விழுந்த அடியைவிட விழுந்தபின் கிடக்கும் நேரம் பல முதியவர்களைக் கூடுதலாகக் கெடுத்துவிடுகிறது என்பதை வைத்தியர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஒரே பக்கமாக நீண்ட நேரம் அழுந்திக் கிடந்தால் தசை சிதைந்து, அதன் கழிவு இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கும். உடலில் நீர் வற்றும். அழுத்தப் புண் தொடங்கும். நனைந்த தரையில் உடம்பு குளிர்ந்துபோகும். எலும்பு முறிவைப் போதனா வைத்தியசாலையில் சரிசெய்துவிடலாம். கிடந்த மணித்தியாலங்களைத் திருப்பி எடுக்க முடியாது. ஆகவே விழுவதற்கும் ஆள் வந்து சேர்வதற்கும் இடைப்பட்ட நேரத்தைக் குறைப்பதுதான் இந்தத் தொழில்நுட்பத்தால் நாங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

இந்த நேரத்தைக் குறைக்க உங்களால் அங்கிருந்து முடியாமல் போவதற்கு அன்புக் குறைவு காரணம் இல்லை. பூமி சுற்றுவதுதான் காரணம். யாழ்ப்பாணத்தில் மதியம் பன்னிரண்டு மணிக்கு அப்பா கிணற்றடியில் தலைசுற்றி விழுந்தால், கோடைகாலத்தில் ரொறன்ரோவில் அதிகாலை 2.30. அதே கோடையில் இங்கே அதிகாலை ஐந்து மணி என்றால் லண்டனில் நள்ளிரவு தாண்டி அரை மணி. இங்கே சாமம் மூன்று மணிக்கு நடப்பது ரொறன்ரோவில் பின்னேரம் 5.30க்கு, வேலை முடிந்து நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும்போது தொலைபேசியில் வந்து விழும். அதோடு எச்சரிக்கைச் செய்திகளின் தொகையையும் பாருங்கள். நாய் ஓடினால் ஒன்று, தென்னோலை ஆடினால் ஒன்று, கமெராவின் இரவு வெளிச்சத்துக்கு வரும் பூச்சியைப் பிடிக்கச் சிலந்தி வலை கட்டினால் இரவு முழுக்க. பொருத்திய முதல் வாரத்தில் ஒவ்வொன்றையும் திறந்து பார்ப்பீர்கள். இரண்டாம் மாதத்தில் ஒலியை நிறுத்திவிடுவீர்கள். நித்திரை கொள்ள வேண்டிய எந்த மனிதரும் அதைத்தான் செய்வார்.

இனி மின்சாரத்தைப் பற்றி. இதை நீங்கள் அங்கிருந்து ஊகிக்க முடியாது.

நான்கு கமெரா, பதிவுப் பெட்டி, இணைய ரூட்டர் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 40 வாட் எடுக்கும். கேட்கச் சிறிய தொகைதான். ஆனால் இரவு பகலாக ஓடினால் மாதத்துக்கு 29 அலகு ஆகிறது. இரண்டு மின்குமிழும் ஒரு விசிறியும் சிறிய குளிர்சாதனப் பெட்டியும் வைத்து மாதம் 50 அலகுக்குள் வாழ்ந்துவந்த ஒரு அம்மா, கமெரா வந்த மாதத்திலேயே 60 அலகைத் தாண்டிவிடுவார். 60ஐத் தாண்டினால் கட்டணப் படியே மாறிவிடுகிறது. பட்டியலைப் பார்த்த அம்மா என்ன செய்வார்? படுக்கப் போகும்போது ரூட்டரின் பிளக்கைக் கழற்றி வைப்பார். எத்தனையோ வீடுகளில் இதைக் கண்டிருக்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் இடிமுழக்கம் தொடங்கினால் வீட்டில் உள்ள எல்லாப் பிளக்குகளையும் கழற்றுவது எங்கள் மூத்தவர்களின் வாழ்நாள் பழக்கம். அதிலும் பிழை சொல்ல முடியாது. மின்னல் அடித்துக் கருகிப்போன ரூட்டர்களை நானே மாற்றிக் கொடுத்திருக்கிறேன். காசு அனுப்புவதோடு மின்பட்டியலையும் உங்கள் கணக்கில் இருந்தே கட்டிவிடுங்கள் என்று ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் சொல்கிறேன். கட்டினாலும் சில அம்மாமார் கழற்றத்தான் செய்வார்கள். பிள்ளையின் காசும் காசுதான் என்பது அவர்கள் கணக்கு.

மின்தடையையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் இருண்டது. பழைய செப்புக் கம்பித் தொலைபேசி, வீட்டில் மின்சாரம் போனாலும் வேலை செய்தது. அதற்கு வேண்டிய மின்சாரம் தொலைபேசி நிலையத்தில் இருந்து கம்பி வழியாகவே வந்தது. இப்போது வீட்டுக்கு வரும் கண்ணாடி இழை இணைப்பில் அந்த வசதி இல்லை. வீட்டில் மின்சாரம் நின்றால் அதுவும் நின்றுவிடும். பிரித்தானியாவில் இருப்பவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. அங்கே பழைய தொலைபேசி வலையமைப்பை 2027 ஜனவரிக்குள் மூடப் போகிறார்கள். இணைப்பை மாற்றும்போது முதியவர்களின் அவசர அழைப்புக் கருவிகள் செயலற்றுப் போன சம்பவங்கள் நடந்ததால், 2023 இறுதியில் அரசாங்கம் தலையிட்டு, அத்தகைய வீடுகளைக் கட்டாயப்படுத்தி மாற்றுவதை நிறுத்திவைக்க வேண்டியிருந்தது. அவ்வளவு வசதியுள்ள நாட்டிலேயே அந்த நிலை என்றால், பற்றரித் துணை இல்லாத ரூட்டரை நம்பி எங்கள் ஊரில் ஓர் உயிரை விடலாமா?

அப்படியென்றால் எது வேலை செய்யும் என்று கேட்பீர்கள். சின்னச் சின்னப் பொருட்கள்தான்.

முதலாவது, அலாரத்துக்கே வேலை வராமல் செய்கிறவை. குளியலறையிலும் மலசலகூடத்திலும் சுவரில் இறுகப் பூட்டிய கைபிடி. வழுக்காத விரிப்பு. பழைய வீடுகளில் மலசலகூடம் வளவின் பின்மூலையில் இருக்கும். அந்த வழி நெடுக, ஆள் நடந்தால் தானே எரியும் சூரிய ஒளி விளக்குகள். இந்த விளக்குகளுக்கு மின்பட்டியல் இல்லை, இணையம் இல்லை, கடவுச்சொல் இல்லை. என்னிடம் கமெரா கேட்டு அழைக்கும் எல்லோரிடமும் முதலில் இதைத்தான் சொல்கிறேன். எனக்குக் கிடைக்கும் இலாபம் இதில் மிகக் குறைவு. சொன்னதில் மாற்றம் இல்லை.

இரண்டாவது, அசைவு இல்லாமையைக் கவனிக்கும் உணரி. ஜப்பானில் சோஜிருஷி என்ற நிறுவனம் 2001இல் ஒரு மின்கேத்தலை அறிமுகப்படுத்தியது. தனியே வாழும் முதியவர் தேநீருக்கு அதில் வெந்நீர் எடுத்தால் அந்தத் தகவல் தூரத்தில் இருக்கும் பிள்ளைக்குப் போய்ச் சேரும். படமும் இல்லை, குரலும் இல்லை. அம்மா இன்று தேநீர் குடித்துவிட்டார், அவ்வளவுதான். இந்த எண்ணத்தை எங்கள் வீடுகளுக்குக் கொண்டுவருவது கடினமே இல்லை. குசினிக் கதவின் நிலையிலும் கதவிலுமாக இரண்டு துண்டாக ஒட்டும் காந்த உணரி ஒன்று போதும். சிறு பற்றரியில் ஓர் ஆண்டுக்குக் குறையாமல் ஓடும். வழக்கமாக ஐந்தரைக்குக் குசினிக் கதவைத் திறப்பவர் ஏழு மணியாகியும் திறக்கவில்லை என்றால் அது செய்தி அனுப்ப வேண்டும். உடல் வெப்பம் நகர்வதை உணரும் பெட்டிகளும் உதவும். ஆனால் சித்திரை, வைகாசி வெயிலில் அறையின் சூடு உடம்பின் சூட்டை நெருங்கும்போது அவற்றின் கூர்மை குறைந்துவிடும். அதனால் கதவு உணரியையும் சேர்த்தே போட வேண்டும்.

மூன்றாவது, அழுத்தும் பொத்தான். ஜேர்மனியிலும் கனடாவிலும் வயதானவர்கள் கழுத்தில் தொங்கவிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது நல்ல பொருள்தான். ஆனால் அதை மட்டும் நம்பக்கூடாது. கேம்பிரிட்ஜில் தொண்ணூறு வயதைத் தாண்டியவர்களிடம் நடத்திய ஓர் ஆய்வு 2008இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளிவந்தது. விழுந்து நெடுநேரம் தரையில் கிடந்தவர்களில் பெரும்பாலானோர், வசதி இருந்தும் அந்த அழைப்பானைப் பயன்படுத்தவில்லை. சிலர் அணிந்திருக்கவில்லை, சிலர் யாரையும் தொந்தரவு செய்ய விரும்பவில்லை, சிலருக்கு அழுத்த முடியவில்லை. எங்கள் ஆச்சிமாரைத் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இராது. ஆகவே குளியலறையில் தரையில் இருந்து ஒரு சாண் உயரத்தில் இன்னொரு பொத்தானை நான் ஒட்டிவிடுகிறேன். இங்கிலாந்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறைகளில் சிவப்புக் கயிறு ஏன் தரைவரை தொங்குகிறதோ அதே காரணத்துக்காகத்தான். விழுந்தவரின் கை எட்டுவது அந்த உயரத்துக்குத்தான்.

இவை எல்லாவற்றையும் இணைக்கும் பெட்டி சிம் அட்டையில் இயங்குவதாக இருக்கட்டும். இணையம் தேவையில்லை. உள்ளே பற்றரி உண்டு. பொத்தானை அழுத்தினால், நாங்கள் பதிந்து வைத்த எண்களை ஒன்றன்பின் ஒன்றாக அழைக்கும்.

பிரச்சினை இங்கேதான் தொடங்குகிறது. அந்த எண்களைப் பதியும்போது, "முதல் எண் யாருடையது?" என்று நான் கேட்பேன். மகனுடையது, கனடா. இரண்டாவது? மகளுடையது, பிரான்ஸ். மூன்றாவது? மருமகனுடையது. இங்கே யாரும் இல்லையா அம்மா என்று கேட்டால், சிறிது நேரம் யோசித்துவிட்டு, "முன்வீட்டுப் பிள்ளை இருந்தது, அதுவும் போன வருடம் போய்விட்டது" என்பார்கள். பெட்டியில் ஆறு எண்ணுக்கு இடம் இருக்கும். ஊர் எண் ஒன்றுகூடக் கிடைக்காத வீடுகள் இருக்கின்றன.

அந்த முதல் எண்ணைத்தான் உங்களிடம் கேட்கிறேன்.

எங்கள் ஊர்களில் சனசமூக நிலையங்கள் இருக்கின்றன. பல இடங்களில் கட்டடத்தையே நீங்கள்தான் புதுப்பித்துத் தந்தீர்கள். பெரும்பாலான கிராம அலுவலர் பிரிவுகளில் முதியோர் சங்கம் இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 2012 கணக்கெடுப்பிலேயே இலங்கையில் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் 12.4 வீதம், வெளிநாடு போன பிள்ளைகளின் ஊர்களில் அந்த வீதம் எப்படி இருக்கும் என்று ஒழுங்கைகளில் நடந்து பார்த்தாலே தெரியும். நிலையமும் சங்கமும் சட்டமும் இருந்தும், இரவு இரண்டு மணிக்கு எடுக்கப்படும் தொலைபேசி ஒன்று இல்லை.

சனசமூக நிலையத்தின் பெயரில் ஒரு கைத்தொலைபேசி. அதை முறைவைத்து இரவும் பகலும் வைத்திருக்கும் நான்கைந்து பேர். அவர்களுக்கு மாதச் சம்பளம். சம்பளம் என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன். தொண்டாகச் செய்யச் சொன்னால் முதல் மூன்று மாதம் நன்றாக நடக்கும். பிறகு திருவிழா வரும், வெங்காயம் நடுகை வரும், பரீட்சை வரும். ஊரில் வேலை தேடும் இளம் பெண்களும் ஆண்களும் இருக்கிறார்கள். கணவனை இழந்து பிள்ளைகளை வளர்க்கும் பெண்கள் இருக்கிறார்கள். அலாரம் இல்லாத நேரத்தில் அவர்கள் வீடு வீடாகப் போய்ப் பற்றரியைச் சோதிக்கலாம், மாத்திரை முடிந்துவிட்டதா என்று பார்க்கலாம், அரை மணி இருந்து கதைத்துவிட்டு வரலாம். அந்த அரை மணிக்கு ஈடாக என்னிடம் எந்தக் கருவியும் இல்லை.

அவர்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியவை சில உண்டு. விழுந்தவரை உடனே தூக்கி நிறுத்தக்கூடாது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைக்க வேண்டும். இலவச அம்புலன்ஸ் சேவை 2018 ஜூலையில் வடக்குக்கும் வந்துவிட்டது. ஆனால் எங்கள் ஒழுங்கைகளுக்குப் பெயர் கிடையாது. "வைரவர் கோயிலடியில் திரும்பி, இரண்டாவது ஒழுங்கை, நீலப் படலை" என்று விழுந்து கிடப்பவரால் சொல்ல முடியாது. ஒவ்வொரு வீட்டுக்கும் இப்படி ஒரு வழிக்குறிப்பை முன்கூட்டியே எழுதி நிலையத்துத் தொலைபேசியோடு வைத்திருக்க வேண்டும். ஒருவர் முதியவரின் பக்கத்தில் இருக்க, இன்னொருவர் ரோச் லைற்றோடு சந்தியில் போய் நிற்க வேண்டும். பிள்ளைக்கு அழைப்பது அதற்குப் பிறகு. முதல் செய்தி உங்களுக்கு வராதே என்று மனம் தாங்காது என்பது தெரியும். ஆனால் உங்களுக்கு வரும் முதல் செய்தி "அம்மா விழுந்துவிட்டார், நாங்கள் பக்கத்தில் இருக்கிறோம், அம்புலன்ஸ் வருகிறது" என்று இருக்கட்டும்.

திறப்பு யாரிடம் இருப்பது? இதுதான் எல்லாக் கூட்டங்களிலும் சண்டையாகப் போகும் கேள்வி. இலக்கம் அமைத்துத் திறக்கும் சிறு இரும்புப் பெட்டியைப் பின்சுவரில் பூட்டி அதற்குள் திறப்பை வைக்கலாம். பிரித்தானியாவில் வீடு தேடிவரும் பராமரிப்பாளர்கள் இந்த முறையைத்தான் பயன்படுத்துகிறார்கள். இலக்கம் முறையில் இருப்பவருக்கு மட்டும் தெரியட்டும், ஒவ்வொரு முறை திறந்தபின்னும் மாற்றப்படட்டும். ஆளை நம்ப முடியுமா என்ற தயக்கத்தை நான் சிறிதாக நினைக்கவில்லை. ஆனால் அடைத்த கதவை உடைத்து உள்ளே போன வீடுகளும் இங்கே இருக்கின்றன.

இன்னும் இரண்டு விடயங்களைக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒன்று, கேட்டுவிட்டுப் பொருத்துங்கள். கிணற்றடிக்குக் கமெரா போட்ட ஒரு வீட்டில், அந்த அம்மா ஒவ்வொரு நாளும் குளிக்கப் போகுமுன் ஏணிப்படியில் ஏறி அதன்மேல் துவாயைப் போட்டுவிட்டுத்தான் குளிப்பார். எழுபத்திரண்டு வயதில் ஏணி! மகன் அழைத்து, "கமெரா அடிக்கடி கறுக்கிறது, பழுதா என்று பாருங்கள்" என்றார். நான் போய்ப் பார்த்துவிட்டு, அதைக் கழற்றி முன்வாசலுக்கு மாற்றினேன். மகனிடம் காரணத்தைச் சொன்னபோது நீண்ட நேரம் அவர் பேசவில்லை. அவருக்கு அது தோன்றவே இல்லை. படுக்கையறையிலும் குளியலறையிலும் கிணற்றடியிலும் நான் இனிக் கமெரா போடுவதில்லை. எவ்வளவு தருவதாகச் சொன்னாலும் போடுவதில்லை. பெற்றோர் உங்களை வளர்த்தவர்கள். அவர்கள் வீட்டில் எங்கே எதைப் பொருத்துவது என்று முடிவு சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான். நினைவு தடுமாறத் தொடங்கியவராக இருந்தாலும், நல்ல தெளிவுள்ள ஒரு காலைப் பொழுதில் பக்கத்தில் இருந்து கேட்டால் பதில் சொல்வார். கடவுச்சொல்லையும் மாற்றிவையுங்கள். தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லோடு விடப்பட்ட கமெராக்களைத்தான் 2016இல் மிராய் என்ற தீநிரல் உலகெங்கும் கைப்பற்றியது. என்னைப் போன்ற பொருத்துநர்களிடமும் உங்கள் கடவுச்சொல் இருக்கக்கூடாது. வேலை முடிந்ததும் எங்கள் முன்னிலையிலேயே மாற்றுங்கள். நாங்கள் கோபிக்க மாட்டோம்.

மற்றது, கையளிப்புப் படங்கள். உதவி கொடுத்தால் பதாகை கட்டி, முதியவரை நடுவில் இருத்தி, பெட்டியைக் கையில் கொடுத்துப் படம் எடுத்து, ஊர்ப் பெயரோடும் சில வேளை வீட்டு வாசலோடும் முகநூலில் போடுவது எங்களிடம் வழக்கமாகிவிட்டது. பணம் தந்தவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில்தான் செய்கிறீர்கள். ஆனால் இந்தத் திட்டத்தில் அப்படிச் செய்தால், இந்த வீட்டில் இவர் தனியே இருக்கிறார், பிள்ளைகள் வெளிநாட்டில், வீட்டில் இன்ன கருவி இன்ன இடத்தில் இருக்கிறது என்று கள்வனுக்கு நாங்களே அறிவித்ததாகிவிடும். ஒரு படம்கூட வேண்டாம். பயன்பெறுவோர் பட்டியலை வட்ஸ்அப் குழுக்களில் சுற்றவிடவும் வேண்டாம். கணக்கைக் கணக்காய்வாளருக்குக் காட்டுங்கள், உறுப்பினர்களுக்குத் தொகையைச் சொல்லுங்கள்.

அம்மாவைக் கூட்டிப்போய்விட்டால் என்ன என்று சிலர் கேட்பார்கள். பலர் கூட்டிப்போயும் பார்த்தார்கள். பெற்றோர் நீண்ட காலம் வந்து தங்குவதற்காகக் கனடா 2011இல் கொண்டுவந்த சூப்பர் விசாவில் போனவர்கள் எங்கள் ஒழுங்கையிலும் இருக்கிறார்கள். ஒரு குளிர்காலத்தைக் கண்ணாடி யன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவர்களும் இருக்கிறார்கள். காலையில் செம்பரத்தையும் நந்தியாவட்டையும் பறித்துக்கொண்டு கோயிலுக்கு நடக்க வேண்டும், பேப்பரை யாரோ ஒருவரோடு சேர்ந்து வாசிக்க வேண்டும், தன் கிணற்றில் தான் குளிக்க வேண்டும். கைதடி முதியோர் இல்லம் போன்ற இடங்களின் தேவையை நான் மறுக்கவில்லை. பார்க்க எவருமே இல்லாதவர்களுக்கு அவை வேண்டும். ஆனால் தன் வீட்டில் இருக்க விரும்புகிறவர், இருக்கக்கூடிய உடல்நிலையும் உள்ளவர், இரவில் விழுந்தால் யாரும் வரமாட்டார்கள் என்ற பயத்தினால் மட்டும் வீட்டைப் பூட்டிவிட்டுப் போகும் நிலை எங்கள் ஊரில் இருக்கக்கூடாது.

கோபுரத்துக்கும் தேருக்கும் பாடசாலை மண்டபத்துக்கும் நீங்கள் தந்தவை ஊரில் நிற்கின்றன. ஊர் அதற்கு நன்றியுள்ளது. இந்தத் திட்டத்தில் அப்படிக் கண்ணுக்குத் தெரிய ஒன்றும் நிற்காது, கல்வெட்டில் பெயர் பொறிக்கவும் இடம் இராது. திறப்பு விழாவும் இல்லை. மாதம் தவறாமல் சம்பளம் மட்டும் போய்க்கொண்டிருக்க வேண்டும். அது ஒன்றியங்களுக்குப் பழக்கமில்லாத செலவு என்பது தெரிந்தே கேட்கிறேன்.

பெரிதாகத் தொடங்க வேண்டாம். ஒரு கிராம அலுவலர் பிரிவை எடுங்கள். தனியே இருப்பவர்கள் யார் யார் என்று முதியோர் சங்கமும் கிராம அலுவலரும் சொல்வார்கள். அவர்களில் விரும்புகிறவர்களுக்கு மட்டும் பொருத்தி, ஒரு மாரியும் ஒரு கோடையும் ஓடவிட்டுப் பாருங்கள். பொய் அலாரம் எத்தனை வந்தது, ஆள் போய்ச் சேர எவ்வளவு நேரம் எடுத்தது, எந்தப் பற்றரி முந்தித் தீர்ந்தது என்பதை ஒரு கொப்பியில் எழுதி வைப்போம். பொதுக்கூட்டத்தில் இதை எடுக்கும் நாளில், ஊரில் இருக்கும் முதியவர்கள் இரண்டு மூன்று பேரையும் காணொளி அழைப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கே இரவு எட்டு மணிக்கு முன் என்றால் அவர்களுக்கு வசதி. முறையில் நிற்கப்போகிறவர்களுக்குக் கருவியைப் பழக்கிக் கொடுக்கும் வேலையையும், முதல் ஆண்டின் பழுதுபார்ப்பையும் கூலி இல்லாமல் நான் செய்து தருகிறேன். என்னைப் போல இந்தத் தொழிலில் இருக்கும் இன்னும் சிலரிடமும் கேட்டிருக்கிறேன். அவர்களும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

உங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கிறேன்.

அன்புடன்,
வலிகாமத்தில் இருந்து,
கமெரா பொருத்தும் உங்கள் ஊர்த் தொழிலாளி ஒருவன்